டிசைன் படிப்புக்கு முன் ஆறு மாதம்: சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

டிசைன் படிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னதும் வீட்டில் முதலில் எழும் பேச்சு லேப்டாப் பற்றியதாகத்தான் இருக்கும். எந்த மாடல், என்ன விலை, தவணைக்குக் கிடைக்குமா? அது கடைசியாகப் பேச வேண்டியது. நேர்காணலில் உட்கார்ந்திருக்கும் விரிவுரையாளர் இரண்டு விஷயத்தைத்தான் தேடுகிறார். கண்ணால் பார்த்ததை இந்தப் பிள்ளைக்குத் தாளில் இறக்க வருகிறதா? ஒரு வேலையை முதல் கிறுக்கலிலிருந்து முடிவுவரை எப்படி நடத்திக்கொண்டு போகிறது? இரண்டையும் பழக பென்சில், தாள், ஆறு மாதம் போதும். தோட்டத்தை ஒட்டிய சின்னப் பட்டணத்தில் இருப்பது இதற்கு ஒரு குறையே இல்லை.

முதலில் படிப்பின் பெயர். படத்தாலும் எழுத்தாலும் செய்தியைச் சேர்க்கும் துறை இது; டிசைன் கம்யூனிகேஷன் (வடிவமைப்புத் தொடர்பு) என்ற பெயரிலேயே எல்லா இடத்திலும் தேடினால் பாதி கண்ணில் படாது. ஓர் இடத்தில் கொமுனிகாசி விசுவல், இன்னோர் இடத்தில் ரேக்கா பெந்தோக் கிராபிக், பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கிராபிக் கம்யூனிகேஷன். பாசிர் கூடாங்கில் உள்ள இப்ராஹிம் சுல்தான் பொலிடெக்னிக்கில் டிப்ளோமா வழியாகவும் இந்தத் துறைக்குள் நுழையலாம். பெயரை விட்டுவிட்டு முதல் இரண்டு பருவங்களின் பாடப்பட்டியலைப் படியுங்கள். ஓவியம், எழுத்துரு அமைப்பு, வண்ணக் கோட்பாடு, வடிவமைப்பு வரலாறு நான்கும் இருக்க வேண்டும். மென்பொருள் பெயர்களே பாடத்தலைப்புகளாக வரிசையாக நின்றால் எச்சரிக்கையாக இருங்கள். மென்பொருளை ஓராண்டில் வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம், அதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை.

தனியார் கல்லூரி என்றால், பணம் கட்டுமுன் மலேசியத் தகுதி நிறுவனமான எம்.கியூ.ஏ.வின் இணையப் பதிவேட்டில் அந்தப் படிப்பைத் தேடிப் பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, நீங்கள் சேரப்போகும் படிப்பே பட்டியலில் இருக்க வேண்டும். முழு அங்கீகாரமா, தற்காலிக அங்கீகாரமா என்றும் அதிலேயே தெரியும். அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கடனுக்கும் இந்த அங்கீகாரம் வேண்டும், எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கும் வேண்டும். கணக்கை இப்போதே திறந்துவிடலாம். வீட்டில் தெளிவாகப் பேசி வைக்க வேண்டிய இன்னொன்று: கடன் கிடைத்தாலும் முதல் தவணை கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். பதிவுக் கட்டணம், அறை முன்பணம், முதல் மாதச் சாப்பாடு, வரைபொருள் எல்லாம் அதற்குள் வந்து நிற்கும். படிப்புக் கட்டணத்தைக் கணக்குப் போட்டுவிட்டு இந்த இடைவெளியை மறந்துபோகிற குடும்பங்கள்தான் முதல் மாதத்திலேயே திணறுகின்றன.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யு.பி.யு. வழியாக விண்ணப்பிக்கிறவர்கள் நேர்காணல் உண்டு என்று குறியிட்ட படிப்புகளைத் தனியே எழுதி வையுங்கள். நேர்காணல் தேதியைப் பல்கலைக்கழக இணையத்தளத்தில் நாமே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். தபாலுக்குக் காத்திருந்தால் தேதி போய்விடும். சில படிப்புகளின் சேர்க்கை நிபந்தனையில் நிறக்குருடு இருக்கக் கூடாது என்றும் இருக்கும். சந்தேகம் இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே சோதித்துக்கொள்வது நல்லது.

இனி கைவேலை. வரைந்து பழக முதல் பொருளாகப் பால் மங்கு, அதாவது ரப்பர் பால் பிடிக்கும் கோப்பையைச் சொல்வோம். தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டாலும் கித்தா மரத்தில் கட்டிய பழைய மங்கு பல வீடுகளில் ஏதாவது ஒரு மூலையில் கிடக்கும். கிடைக்காவிட்டால் சோற்றுக் கோப்பையே போதும். மேசையில் வைத்து ஒரு மீட்டர் தள்ளி உட்காருங்கள். வெளிச்சம் ஒரே ஜன்னலிலிருந்து வரட்டும், மேல் விளக்கை அணைத்துவிடுங்கள். முதலில் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. வாய் வட்டம் நம் கண்ணுக்கு நீள்வட்டமாகத் தெரியும். அதன் நீள அச்சு இந்தச் செங்குத்துக் கோட்டுக்குச் சரியாகக் குறுக்கே ஓட வேண்டும். அதற்குப் பிறகு கையை நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி, பென்சில் முனையால் வாயின் அகலத்தை அளந்து, அதே அளவு உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள்.

இரண்டு தவறுகள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும். ஒன்று, நீள்வட்டத்தின் இரு முனைகளும் மாங்கொட்டைபோல் கூராகிவிடும். முனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வளைந்துதான் திரும்ப வேண்டும். இரண்டாவது தவறு இன்னும் முக்கியமானது: மங்கின் அடியை நேர்கோடாகப் போட்டுவிடுவது. மங்கு தட்டையான மேசைமேல் நிற்கிறது என்று மனத்துக்குத் தெரியும், அதனால் கை நேர்கோடு போடும். கண்ணுக்குத் தெரிவதோ வேறு. அடிப்பாகம் கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால் அதன் வளைவு வாயின் வளைவைவிட அதிகமாக இருக்கும். இதைக் கண்ணால் நம்ப, மங்கைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். வாய் ஒரே கோடாகிவிடும். மெல்லக் கீழே இறக்க இறக்க அது திறந்துகொண்டே போவது தெரியும். தெரிந்ததை விட்டுப் பார்த்ததை வரைவது என்று விரிவுரையாளர்கள் சொல்வது இதைத்தான்.

ஒரு படத்துக்கு 20 நிமிடம், ஒரே மங்கை 20 முறை. அழிப்பான் வேண்டாம். தவறான கோட்டை விட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் தேதி எழுதுங்கள். முதல் பத்தில் வெறும் வெளிக்கோடு, அடுத்த பத்தில் மூன்றே சாயல்: வெள்ளை, நடுச்சாம்பல், கருமை. மங்கு மேசையைத் தொடும் இடத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய நிழல்தான் படத்திலேயே மிகக் கருமையான இடம். அதை விட்டால் மங்கு அந்தரத்தில் மிதக்கும்.

அதற்கடுத்து கடைத்தெரு அஞ்சடி, அதாவது கடைகளுக்கு முன்னால் கூரையும் தூண்களுமாக ஓடும் நடைபாதை. தூண்கள் வரிசையாகச் சிறுத்துப்போகும் இடத்தைவிட ஒற்றைப்புள்ளிப் பார்வையைக் கற்க நல்ல இடம் கிடையாது. காலை எட்டு மணிக்குக் கடைகள் திறக்குமுன் போங்கள். தரைக்கோடும் கூரைக்கோடும் சேருகிற புள்ளி உங்கள் கண்மட்டத்தில் இருக்கும். நின்று ஒரு முறை, தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து ஒரு முறை வரைந்தால் அந்தப் புள்ளி உங்களோடு சேர்ந்து இறங்குவது புரியும்.

பொருட்கள் விஷயத்தில் சுருக்கமாக: எச்.பி., 2பி, 4பி, 6பி பென்சில் ஒவ்வொன்று, பிசைந்து பயன்படுத்தும் மெழுகு போன்ற அழிப்பான், 150 ஜி.எஸ்.எம். அல்லது அதற்கு மேற்பட்ட ஏ3 வரைதாள் புத்தகம், 0.1, 0.5 கறுப்புப் பேனா, 30 செ.மீ. இரும்பு அடிமட்டம், முனை ஒடிக்கும் கத்தி, வெட்டுப்பாய், ஒரு பெட்டி போஸ்டர் கலர். ஊரில் கிடைக்காததை ஈப்போவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். கத்திமுனையை மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மழுங்கிய முனைதான் தாளின் ஓரத்தைப் பிய்க்கும், வழுக்கி விரலையும் வெட்டும். 5 மி.மீ. ஃபோம் போர்டை ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் உள்ளே நுரை கடித்தாற்போல் பிய்ந்து நிற்கும். மூன்று இழுப்பு வேண்டும்: முதலாவது மேல் தாளுக்கு, இரண்டாவது நுரைக்கு, மூன்றாவது அடித்தாளுக்கு.

நம் ஊர் ஈரக்காற்றுக்கு ஒரு வார்த்தை. போஸ்டர் கலர் பூசிய தாள் அலை அலையாக நெளிவது தாள் நீரைக் குடித்து ஊதுவதால். பூசுமுன் நான்கு ஓரத்தையும் தாள் டேப்பால் பலகையில் ஒட்டி, முழுக்கக் காய்ந்தபிறகே உரிக்க வேண்டும். முடித்த படங்களைச் சுருட்டி வைக்காதீர்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக, பிளாஸ்டிக் உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலம் முடிவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

வரைவது பாதி வேலைதான். தொடர்பு என்ற சொல் படிப்பின் பெயரிலேயே இருப்பதால், உண்மையான ஒருவருக்கு உண்மையான ஒரு செய்தியைச் சேர்த்த வேலை ஒன்றாவது போர்ட்போலியோவில் (நேர்காணலில் காட்டும் உங்கள் வேலைகளின் தொகுப்பில்) வேண்டும். கற்பனையாக ஒரு காப்பிக்கடைக்குச் சின்னம் போடுவதை எல்லாரும் கொண்டுவருவார்கள். நம் வீட்டிலேயே இருக்கும் ஒரு சிக்கலை எடுப்போம். கிளினிக்கில் கொடுக்கும் மருந்துப் பொட்டலத்தில் 'தீகா காலி செஹாரி, செலெபாஸ் மாக்கான்' என்று இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டிக்கும், எந்த எழுத்தும் தெரியாத தாத்தாவுக்கும் அது வெறும் கோடு. அதே பொட்டல அளவில், மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின், இரண்டு மாத்திரை என்பதைப் படமாகவும் தமிழாகவும் சொல்லும் ஒட்டுத்தாளை வடிவமைத்துப் பாருங்கள்.

4க்கு 6 செ.மீ. கட்டங்கள் 30 போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் ஒரு யோசனை. முதல் பத்து எல்லாருக்கும் தோன்றுவதாக இருக்கும், பதினைந்துக்கு மேல்தான் உங்களுடையது வரும். அதில் மூன்றை எடுத்து உண்மை அளவில் வரைந்து, ஐந்து முதியவர்களிடம் காட்டுங்கள். விளக்கக் கூடாது. "இதப் பாத்தா எப்பப்ப, எத்தன மாத்திர சாப்பிடுவீங்க பாட்டி?" என்று மட்டும் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் வடிவமைப்பு தொடங்குகிறது. காலைக்கு அடிவானத்தில் அரைச்சூரியன் போட்டிருப்பீர்கள். உதிப்பதும் மறைவதும் ஒரே வடிவம்தானே, அதை மாலை என்று வாசிக்கலாம். சாப்பாட்டுக்குப் பின் என்பதற்குக் காலித்தட்டு போட்டால், சாப்பிடாமல் மாத்திரை போடு என்று எடுத்துக்கொள்ள இடம் உண்டு. சூரியனுக்குப் பதில் காலைக்குக் கோப்பையும் ரொட்டியும், மதியத்துக்குச் சோற்றுத்தட்டு, இரவுக்கு நிலாவோடு தட்டு என்று மாற்றி மறுபடி காட்ட வேண்டும். தட்டிலிருந்து மாத்திரைக்கு ஓர் அம்பு போட்டால் எது முதலில் என்பது தெளியும். இரண்டு மாத்திரைக்கு இரண்டு உருவம், பெரிய மாத்திரை ஒன்று அல்ல. 1920களில் வியன்னாவில் ஓட்டோ நியூராத் தொடங்கிய, பின்னாளில் ஐசோடைப் என்று பெயர்பெற்ற படமொழியின் அடிப்படை விதி அது: அளவு கூடினால் உருவத்தைப் பெரிதாக்காதே, எண்ணிக்கையைக் கூட்டு. வரலாற்றுப் பாடம் நம் வீட்டு மருந்துப் பொட்டலத்தில் வந்து உட்காரும்போது அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்று முக்கியம்: இது பயிற்சி. உண்மையான மருந்தின்மேல் ஒட்டி வைக்காதீர்கள், காலிப் பொட்டலத்தில் மட்டும்.

தோற்றுப்போன அரைச்சூரியனைக் கிழித்துப் போடாதீர்கள். அந்தத் தாளும், பாட்டி சொன்ன பதிலும், மாற்றிய படமும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருந்தால், முடிந்த படத்தைவிட அந்தப் பக்கத்தைத்தான் விரிவுரையாளர் அதிக நேரம் பார்ப்பார்.

தமிழ் எழுத்தைக் கணினியில் அமைக்கும்போது வரும் சிக்கலைப் பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒட்டுத்தாளில் 'கொடு' என்று தட்டினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றைத் தேடி அலைவார்கள். கோளாறு எழுத்துருவில் இல்லை, மென்பொருள் எழுத்துகளைக் கோக்கும் முறையில் இருக்கிறது. அடோபியின் வரைமென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் ப்ரெஃபரன்சஸுக்குள் டைப் பகுதியில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்து, பாராகிராஃப் பலகத்தில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளைக் கோக்கும் அமைப்பை) எடுக்க வேண்டும். பக்கங்களை அமைக்கும் இன்டிசைனில் அதன் பெயர் 'வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்'. பழைய ஃபோட்டோஷாப்பில் டைப் அமைப்பில் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்'. கொம்பு உடனே இடத்துக்கு வந்துவிடும்.

எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டில் இயங்கும் யூனிகோட் எழுத்துருவை மட்டும் பயன்படுத்துங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் எல்லாம் இலவசம், திறந்த உரிமத்தில் வருபவை. ஆப்பிள் கணினியில் இருக்கும் இணைமதியையும் தமிழ் சங்கம் எம்.என்.னையும் உருவாக்கியவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். 1985இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியவரும் அவரே. எழுத்துருவாக்கம் ஒரு மலேசியத் தமிழரின் வாழ்நாள் தொழிலாக இருக்க முடியும் என்பதை அப்பா அம்மாவிடம் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

மலாயையும் தமிழையும் சேர்த்து அமைக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் வரியிடைவெளி கூடுதலாக வேண்டும். 12 புள்ளி மலாய் எழுத்துக்கு 14.5 போதும் என்றால் தமிழுக்கு 17 அளவில் தொடங்கிப் பாருங்கள். எழுத்திடைவெளியை விரிக்காதீர்கள்: 'கா'வின் கால் பிரிந்துபோய் 'கர' என்று வாசிக்கவைக்கும். தமிழ்ச் சொல் அகலம் கூடியது என்பதால் கடைசியில் மிச்ச இடத்தில் திணிக்காமல், தமிழ் வரியை முதலில் போட்டு அதற்கு ஏற்ப மற்றதை அமையுங்கள். தெருவில் இருக்கும் பெயர்ப்பலகைகளைப் படம் எடுத்து, எதில் தமிழ் நசுங்கி நிற்கிறது, ஏன் என்று குறிப்பெழுதினால் அதுவே இரண்டு பக்கத்துக்கு ஆகும். பெயர்ப்பலகையில் மலாய் முதன்மையாக இருக்க வேண்டும் என்ற விதியையும் மனத்தில் வைத்தே பாருங்கள். கட்டுப்பாட்டுக்குள் நல்லபடி அமைப்பதுதான் கைத்திறம்.

போர்ட்போலியோவில் எத்தனை வேண்டும் என்று கல்லூரி சொல்லியிருந்தால் அந்த எண்ணிக்கை. சொல்லாவிட்டால் 12 போதும். மிகச் சிறந்தது முதலில், அடுத்த சிறந்தது கடைசியில். இணையத்தில் கண்ட புகைப்படத்தைப் பார்த்து நகலெடுத்த நடிகர் முகமும், அனிமே உருவங்களும் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அதிகபட்சம் ஒன்று. முப்பரிமாணத்தைத் தட்டையாக்கும் வேலையைக் கேமரா முன்பே செய்துவிட்டது, அதனால் அந்தப் படத்திலிருந்து உங்கள் கண்ணைப் பற்றி எதுவும் தெரியாது.

படங்களைக் கைபேசியில் எடுக்கும்போது காலை ஒன்பது பத்து மணி, வாசல் நிழல். நேர்வெயிலும் வேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம். தாளைச் சுவரில் ஒட்டி, கைபேசியைத் தாளுக்கு இணையாகப் பிடித்து, கட்டக்கோட்டைத் திரையில் போட்டுக்கொள்ளுங்கள். மிக நெருங்கினால் ஓரம் வளையும், இரண்டடி பின்னே போய் 2 மடங்கு பெரிதாக்கி எடுங்கள். வெள்ளைத்தாள் சாம்பலாக வருவது இயல்பு, ஏனென்றால் கேமரா எல்லாவற்றையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். வெளிச்ச அளவைக் கொஞ்சம் கூட்டினால் தாள் வெளுக்கும், 6பி கருமையும் மிஞ்சும். 12 மெகாபிக்சல் படம் ஏ4 அளவுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சாகும், ஏ3க்கு 240 சுமாருக்கு இறங்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது நசுக்கிவிடும்.

அச்சுக்கடைக்குப் போகும் கோப்பு பிடிஎஃப்பாக இருக்கட்டும். எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாதபடி எழுத்துகளைக் கோடுருவாக மாற்றிய பிரதி ஒன்று, திருத்தக்கூடிய மூலம் ஒன்று என்று இரண்டும் வையுங்கள். ஓரம்வரை நிறம் போகும் பக்கத்துக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதல். திரையில் பளிச்சிடும் ஊதாவும் நீலமும் அச்சில் மங்கும், அதனால் முழுப் பிரதி போடுமுன் ஒரே ஒரு பக்கத்தை அச்சிட்டுப் பாருங்கள்.

நேர்காணலில் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசவேண்டிவரும். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று வாக்கியம் தயாராக இருக்கட்டும்: யாருக்காக, எது தவறியது, என்ன மாற்றினேன். வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். எழுதி மனப்பாடம் செய்தது குறுக்குக் கேள்வி ஒன்றில் சிதறிவிடும்.

லேப்டாப்பை இடம் உறுதியான பிறகு வாங்குங்கள். பல துறைகள் தேவையான அளவுகளைத் தாங்களே தரும். தராவிட்டால் 16 ஜிபி நினைவகம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி., திரைகளுக்கான பொது நிறத் தரமான எஸ்ஆர்ஜிபியின் நிறங்களை முழுமையாகக் காட்டும் திரை. மென்பொருளுக்கு மாணவர் விலை, மாணவர் மின்னஞ்சல் கிடைத்த பிறகே. அதுவரை இங்க்ஸ்கேப், கிரீட்டா இரண்டும் இலவசம், பழக நன்றாகவே போதும். வேலைகளை மூன்று பிரதியாக வையுங்கள்: கணினியில், வெளி வட்டில், இணையச் சேமிப்பில்.

பெட்டி கட்டும்போது நிரம்பிய வரைபுத்தகத்தையும் கூடவே எடுத்துப் போங்கள், முதல் வாரங்களில் ஸ்டூடியோ வகுப்பில் அது வேண்டியிருக்கும். அங்கே எல்லாருடைய வேலையையும் சுவரில் ஒட்டி ஒவ்வொன்றாக விமர்சிப்பார்கள். நின்று விளக்கிக்கொண்டிருக்கும்போது சொல்லப்படுவதில் பாதி காதில் ஏறாது. பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் புத்தகத்தைக் கொடுத்துக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள், அவர் முறை வரும்போது நீங்கள் அவருக்கு எழுதுங்கள்.